மாடலுக்கு 95 சதவீதம், தாத்தாவுக்கு 97 நிமிஷம்

எங்க டிபார்ட்மெண்ட் நோட்டீஸ் போர்டுல ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் லிஸ்ட் ஒட்டினப்போ எண்ணிப் பார்த்தேன். மெஷின் லேர்னிங் வச்சு பக்கவாதத்தை முன்கூட்டியே கணிக்கிறதுன்னு மூணு டீம். அதுல ஒண்ணு எங்க டீம். மூணு டீமும் எடுத்தது காகிள்ல இருக்கிற ஒரே டேட்டாசெட். மொத்தம் 5110 பேர். வயசு, பிபி, சுகர், பிஎம்ஐ, புகைப் பழக்கம், அப்புறம் கல்யாணம் ஆனதா இல்லையான்னு ஒரு காலம். (ரிவ்யூல அந்தக் காலத்தைக் காட்டினப்போ மொத்த கிளாஸும் சிரிச்சது.)

எங்க மாடல் 95 சதவீதம் அக்யூரசி குடுத்தது. கைதட்டினாங்க. யாரும் கேட்காத கேள்வி ஒண்ணு இருக்கு. அந்த 5110 பேர்ல ஸ்ட்ரோக் வந்தவங்க 249 பேர்தான். அதாவது 5 சதவீதம்கூட இல்ல. "யாருக்கும் ஸ்ட்ரோக் வராது"ன்னு ஒரே ஒரு வரி கோடு எழுதினாலே 95 சதவீதம் வந்துடும். நாங்க நாலு மாசம் உட்கார்ந்து எழுதினதும் கிட்டத்தட்ட அந்த ஒரு வரியைத்தான். எனக்கு அது அப்பவே தெரியும். கைடு மேம் கேட்கல, நானும் சொல்லல.

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தப்போ தாத்தாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது. இந்தக் கட்டுரை அதைப் பத்தினது. எங்க மாடலைப் பத்தினதும்தான்.

காலைல கொஞ்சம் முன்னப் பின்ன ஆறு மணிக்கு அம்மாச்சி போட்ட சத்தத்துலதான் நான் முழிச்சேன். தாத்தா திண்ணைல சாய்ஞ்சு கிடந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை தொங்கிட்டு இருந்தது. பேச்சு குழறுது. சுகர் குறைஞ்சிருக்கும்னு நினைச்சு அம்மா சர்க்கரைத் தண்ணி குடுத்தாங்க. அது இருமல்ல வெளிய வந்தது. மாமா கார் எடுத்துட்டு வந்தார். 108க்குக் கூப்பிடணும்னு யாருக்கும் தோணல. எனக்கும்தான். ஸ்ட்ரோக் பத்தி ப்ராஜெக்ட் பண்றவன் நான். 7:04க்கு டவுன்ல ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரி வாசல்ல இறங்கினோம்.

அங்கிருந்து சிடி ஸ்கேன் மேஜைக்குப் போக 97 நிமிஷம் ஆச்சு.

யாரும் சும்மா உட்கார்ந்திருக்கலங்கிறதுதான் இதுல விஷயம். ரிஜிஸ்ட்ரேஷன் கவுண்டர்ல ஆள் இருந்தாங்க. கேஷுவாலிட்டி டியூட்டி டாக்டர் வந்து பார்த்தார், பிபி எடுத்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். வார்டு பாய் வீல்சேர் கொண்டுவந்தார், அப்புறம் ஸ்ட்ரெச்சர் வேணும்னு தேடிப் போனார். சிடி டெக்னீஷியன் வந்துட்டிருக்கார்னு சொன்னாங்க. சிடிக்கு முன்பணம் கட்டச் சொன்னாங்க. கட்டினேன். ரசீதைக் கொண்டுபோய் இன்னொரு கவுண்டர்ல சீல் வாங்கணும். வாங்கினேன். ஒவ்வொருத்தரும் அவங்கவங்க வேலையைச் செஞ்சாங்க. மொத்தமா எவ்வளவு நேரம் போச்சுன்னு பார்க்கிறது மட்டும் யாரோட வேலையும் இல்ல.

ஸ்கேன்ல ரத்தக்கசிவு இல்ல. அடைப்பாத்தான் இருக்கணும். இந்த மாதிரி அடைப்புக்கு கட்டியைக் கரைக்கிற ஊசி இருக்கு. 1995ல அமெரிக்காவுல நடந்த என்.ஐ.என்.டி.எஸ். ஆய்வு, ஸ்ட்ரோக் தொடங்கி 3 மணி நேரத்துக்குள்ள அந்த ஊசி போட்டா ஊனமில்லாம மீள்ற வாய்ப்பு கூடுதுன்னு காட்டுச்சு. 2008ல ஐரோப்பிய ஆய்வு ஒண்ணு அந்த வாசலை நாலரை மணி நேரம் வரைக்கும் நீட்டிச்சது. ஊசில ஆபத்தும் இருக்கு. அதே 1995 ஆய்வுல ஊசி போட்டவங்கள்ல 6.4 சதவீதம் பேருக்கு மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சு நிலைமை மோசமாச்சு, போடாதவங்கள்ல அது 0.6 சதவீதம்தான். அதனால நேரம் தாண்டினவங்களுக்கு யோசிக்காம போட முடியாது.

டியூட்டி டாக்டர் வெளிய வந்து, "எப்ப இருந்து இப்படி இருக்கு?"ன்னு கேட்டார். மாமா, "காலைல எந்திரிச்சதுல இருந்து சார்"னார். டாக்டர் அதை ஷீட்ல எழுதிட்டு, நியூராலஜிஸ்ட்கிட்ட போன்ல படிச்சுக் காட்டினார். தூங்கி எழும்போதே ஸ்ட்ரோக்னா, கடைசியா நல்லா இருந்த நேரத்துல இருந்துதான் கணக்கு எடுப்பாங்க. முந்தின ராத்திரி ஒன்பதரைக்குப் படுத்தவர். கிட்டத்தட்ட 12 மணி நேரம். பெரிய சென்டர்கள்ல கூடுதல் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, நேரம் தாண்டினவங்கள்லயும் சிலருக்கு சிகிச்சை குடுப்பாங்க. அங்க அந்த வசதி இல்ல. "விண்டோ தாண்டிடுச்சு தம்பி, ஊசி போட முடியாது. மாத்திரைல பார்ப்போம்." அப்போ மணி 9:05.

மூணாவது நாள், வார்டு வராந்தாவுல அம்மாச்சி புலம்பிட்டு இருந்தாங்க. "நல்லாத்தானய்யா இருந்தாக. பால்காரரு வந்துட்டுப் போனதும் காபி போட்டுக் குடுத்தேன். குடிச்சுட்டு டம்ளரை அவுகளே கழுவிக் கவுத்தி வச்சாக."

பால்காரர் எங்க தெருவுக்கு அஞ்சு மணிக்கு வருவார். ஒரு நாளும் தவறாது. காபி குடிச்சு டம்ளர் கழுவும்போது 5:10 இருக்கும். வலது கையாலதான் கழுவியிருப்பார். அஞ்சே காலுக்கு மேலதான் எதுவோ நடந்திருக்கு. 5:10ஐயே தொடக்கமா வச்சாலும் நாலரை மணி நேரம் 9:40க்குத்தான் முடியும். டாக்டர் "தாண்டிடுச்சு"ன்னு சொன்னப்போ இன்னும் 35 நிமிஷம் இருந்தது.

டாக்டர் மேல எனக்குக் கோபம் இல்லைன்னு சொன்னா என் ஃப்ரெண்ட்ஸ் நம்ப மாட்டேங்கிறாங்க. கையில இருந்த தகவலை வச்சு அவர் எடுத்த முடிவு சரிதான். அந்த நேரத்துல ஊசி போட்டிருந்தா அதுதான் தப்பு. மாமாவும் பொய் சொல்லல, அவருக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். தெரிஞ்ச ஒரே ஆள் அம்மாச்சி. அவங்க வீட்டுல வாசல் தெளிக்காம விளக்கு ஏத்தாம அழுதுட்டு இருந்தாங்க, கையில போன் இருந்தது. ஒரு கால். ஊசி போட்டிருந்தா தாத்தா எழுந்து நடந்திருப்பார்னு நான் சொல்ல வரல. போட்ட எல்லாரும் குணமாகுறது இல்ல. அந்தக் கேள்வியைக் கேட்கவே வழியில்லாமப் போச்சுங்கிறதைத்தான் சொல்றேன்.

அன்னைக்கு ராத்திரி வார்டுல உட்கார்ந்து என் போனை வச்சு முழு டைம்லைனையும் எழுதினேன். மாமாவுக்குப் போட்ட கால், பார்க்கிங் டோக்கனோட போட்டோ, யூபிஐ மெசேஜ், "உள்ள எடுத்துட்டாங்க"ன்னு அப்பாவுக்குப் போட்ட வாட்ஸ்அப், எல்லாத்துலயும் நிமிஷம் இருக்கு. ஆஸ்பத்திரி ஃபைல்ல தேதி மட்டும்தான். சிடி ஃபிலிம்ல நேரம் இருந்தது, 8:29. ஆனா நான் சிடிக்குப் பணம் கட்டினதே 8:31க்கு. உள்ள எடுத்தது 8:41. மெஷினோட கடிகாரம் 10 நிமிஷத்துக்கு மேல பின்னாடி ஓடுது. எத்தனை நாளா ஓடுதோ! அந்த ஃபிலிமை எத்தனையோ டாக்டர்கள் பார்த்திருப்பாங்க. நேரத்தைப் பார்க்கணும்னு யாருக்கும் அவசியம் வரல.

ஸ்ட்ரோக்ல ஒரு நிமிஷத்துக்கு சராசரியா 19 லட்சம் நியூரான் அழியுதுன்னு 2006ல ஜெஃப்ரி சேவர்ங்கிற டாக்டர் கணக்குப் போட்டுச் சொன்னார். எங்க ப்ராஜெக்ட்டோட முதல் ஸ்லைடே அதுதான். அழகான அனிமேஷன்கூட வச்சிருந்தேன்.

ஹெல்சின்கி யூனிவர்சிட்டி ஆஸ்பத்திரியோட கதையை நான் அதுக்கு அப்புறம்தான் படிச்சேன். நோயாளி வாசலுக்கு வந்ததுல இருந்து ஊசி போடுற வரைக்கும் ஆகிற நேரத்தை டோர் டு நீடில்னு சொல்வாங்க. 1998ல அங்க அதோட மீடியன் 105 நிமிஷம். 2011ல 20 நிமிஷம். அவங்க புது மெஷின் எதையும் கண்டுபிடிக்கல. ஆம்புலன்ஸ்ல இருந்தே போன் வரும். நோயாளி வர்றதுக்கு முன்னாடியே அவரோட பழைய ரெக்கார்டைக் கம்ப்யூட்டர்ல திறந்து பார்த்துடுவாங்க, லேப், சிடி ஆர்டரைப் போட்டு வச்சுடுவாங்க. குடும்பத்துக்காரங்ககிட்ட வர்ற வழியிலேயே விவரம் கேட்டுடுவாங்க. ஸ்ட்ரெச்சர் வார்டுக்குப் போகாம நேரா சிடி ரூமுக்குப் போகும். ஊசியை அங்கேயே, சிடி மேஜைலேயே போடுவாங்க. இப்படி ஒவ்வொண்ணா, 13 வருஷம். ஒவ்வொரு மாத்தத்துக்கு அப்புறமும் நேரத்தை அளந்து பார்த்தாங்க. அளந்ததாலதான் அடுத்து எங்க கை வைக்கணும்னு தெரிஞ்சது.

"ஃபின்லாந்துல நடக்கும், இங்க நடக்குமா?"ன்னு நானும்தான் நினைச்சேன். அந்த முறையை மெல்போர்ன்ல ஒரு ஆஸ்பத்திரில கொண்டுவந்தாங்க. நாலே மாசத்துல, ஆபீஸ் நேரத்துல வந்தவங்களுக்கு 25 நிமிஷமா குறைஞ்சது. ராத்திரியும் வார இறுதியும் வந்தவங்களுக்குப் பெரிய மாற்றம் இல்ல. எனக்கு இந்த ரெண்டாவது வரிதான் ரொம்பப் பிடிச்சது. தோத்த இடத்தையும் நம்பரோட எழுதி வச்சிருக்காங்க. அது எழுதப்படலைன்னா "25 நிமிஷம், சூப்பர்"னு பேனர் கட்டி முடிச்சிருப்பாங்க.

நம்ம ஆளுங்க உடனே "ஏஐ இருக்கே"ன்னு வருவாங்க. இருக்கு. சிடி படத்தைப் பார்த்து பெரிய ரத்தக்குழாய் அடைப்பைக் கண்டுபிடிச்சு, ஸ்பெஷலிஸ்ட் போனுக்கு அலர்ட் அனுப்புற விஸ்.ஏஐ சாஃப்ட்வேருக்கு 2018லேயே அமெரிக்காவுல எஃப்.டி.ஏ. அனுமதி கிடைச்சாச்சு. மும்பைல இருக்கிற க்யூர்.ஏஐ கம்பெனியும் தலை சிடில ரத்தக்கசிவு கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேர் வச்சிருக்கு. ரேடியாலஜிஸ்ட் இல்லாத ஊருக்கு இது பெரிய விஷயம். ஆனா இதெல்லாம் வேலையைத் தொடங்குறது சிடி எடுத்த பிறகுதான். எங்க தாத்தாவோட 97 நிமிஷமும் அதுக்கு முன்னாடியே போயாச்சு. அந்த 35 நிமிஷத்தைத் தின்னது படம் இல்ல, பேப்பர்ல எழுதின ஒரு வாக்கியம்.

இன்னொண்ணும் சொல்லணும். எல்லாரும் ஊசியைப் பத்தியே பேசுறோம். வார்டுக்குப் போன பிறகு நடக்கிறதுதான் நிறைய பேரோட தலையெழுத்தை எழுதுது. ஆஸ்திரேலியாவுல நியூ சவுத் வேல்ஸ்ல 19 ஸ்ட்ரோக் யூனிட்ல ஒரு ஆய்வு பண்ணாங்க. 2011ல லான்செட்ல வந்தது. நர்ஸுங்க மூணே மூணு விஷயத்தை ஒழுங்கா பார்த்தாங்க: காய்ச்சல், சுகர், விழுங்குறது. வாய்வழியா எதையும் குடுக்கிறதுக்கு முன்னாடி விழுங்க முடியுதான்னு டெஸ்ட் பண்றது. 90 நாள் கழிச்சுப் பார்த்தா, வழக்கமான கவனிப்புல இருந்தவங்கள்ல 58 சதவீதம் பேர் இறந்திருந்தாங்க அல்லது பிறரைச் சார்ந்து இருந்தாங்க. இந்த மூணையும் பார்த்த யூனிட்ல அது 42 சதவீதம். புது மருந்து எதுவும் இல்ல.

எங்க வார்டுல முதல் நாள் ராத்திரி அம்மா தாத்தாவுக்கு இட்லியைப் பால்ல கரைச்சு ஊட்டினாங்க. மாத்திரையைத் தண்ணில குடுத்தாங்க. ஒவ்வொரு வாய்க்கும் இருமினார். "புரையேறுது, மெதுவா குடுங்க"ன்னு பக்கத்து பெட் அம்மா சொன்னாங்க. ஒரே நர்ஸ் சிஸ்டர் அத்தனை பெட்டையும் பார்த்துட்டு இருந்தாங்க. மூணாவது நாள் காய்ச்சல், நெஞ்சுச் சளி. நாலு நாள்ல வர வேண்டியவர் 13 நாள் இருந்தார். கேஸ் ஷீட்ல "விழுங்கும் சோதனை முடிந்ததா"ன்னு ஒரு கட்டம் இருந்து, அது காலியா இருக்கிற வரைக்கும் மாத்திரை ஆர்டர் போகாதுன்னு சாஃப்ட்வேர் தடுத்திருந்தா? இதுக்கு நியூரல் நெட்வொர்க் வேண்டாம். செகண்ட் இயர்ல படிச்ச இஃப் கண்டிஷன் போதும்.

உலகத்துல இதைக் கணக்கு வச்சுப் பார்க்கிற ஏற்பாடுகள் இருக்கு. இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துல எஸ்.எஸ்.என்.ஏ.பி.ன்னு ஒரு தேசியத் தணிக்கை. ஸ்ட்ரோக் பார்க்கிற ஆஸ்பத்திரிகளுக்கு ஏ முதல் இ வரைக்கும் கிரேடு போட்டு வெளியிட்டாங்க. நமக்கு செமஸ்டர் கிரேடு வர்ற மாதிரி, யார் வேணும்னாலும் பார்க்கலாம். 2016ல ஐரோப்பாவுல ரெஸ்-க்யூன்னு ஒரு பதிவேடு ஆரம்பிச்சது, செக் குடியரசுல ப்ர்னோ நகரத்து டாக்டர்கள் முன்னின்று நடத்துறது. ஆஸ்பத்திரி தன் நோயாளிகளோட விவரத்தைச் சின்ன ஃபார்ம்ல பதிவு பண்ணா, தன் நேரம் மத்தவங்களோட ஒப்பிட்டா எப்படி இருக்குன்னு திரும்பக் காட்டும். விழுங்கும் சோதனையும் அந்த ஃபார்ம்ல ஒரு கேள்வி.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. அதை இன்ஜினியரிங் ஸ்டூடண்ட்டுக்கு விளக்கவே வேண்டாம். லேப்ல நாம ரீடிங் எப்படி எழுதுவோம்? முதல்ல ஆன்சர், அப்புறம் அதுக்கேத்த ரீடிங். டோர் டு நீடில் 60 நிமிஷத்துக்குள்ள இருக்கணும்னு மேலிடம் கேட்டா, எல்லா ஷீட்லயும் 58ன்னு எழுதுறது ரொம்ப ஈஸி. ஏற்கெனவே மூச்சு விட நேரமில்லாத சிஸ்டர்கிட்ட இன்னொரு ஃபார்மைக் குடுத்தா, ஷிஃப்ட் முடியும்போது மொத்தமா உட்கார்ந்து குத்துமதிப்பா நிரப்புவாங்க. அவங்க மேல தப்பில்ல.

அதனாலதான் நேரத்தை மனுஷங்க டைப் பண்ணவே கூடாதுன்னு நான் சொல்றேன். அது ஏற்கெனவே இருக்கு. ரிஜிஸ்ட்ரேஷன் பண்ணும்போது சர்வர்ல ஒரு நேரம் விழுது. ஒவ்வொரு சிடி படத்தோட டைகாம் ஹெட்டர்லயும் எடுத்த நேரம் இருக்கு. ஃபார்மஸி பில்லுல இருக்கு. இந்த மூணும் மூணு கம்ப்யூட்டர்ல, ஒண்ணுக்கொண்ணு பேசாம கிடக்கு. சேர்த்து வச்சு, மூணு கடிகாரத்தையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவந்து, கேஷுவாலிட்டி சுவர்ல ஒரு ஸ்க்ரீன்ல "வந்து 41 நிமிஷம் ஆச்சு, சிடி இன்னும் எடுக்கல"ன்னு காட்டினா, ஸ்ட்ரெச்சர் தேடுற அண்ணனுக்கும் அது தெரியும். பேரே போட வேண்டாம், பெட் நம்பர் போதும். நோயாளி விவரம் வெளிய போகக்கூடாதுங்கிறதுல நான் கண்டிப்பா இருக்கேன். 2023ல வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருந்தாலும் இல்லாட்டியும்.

செலவு? 2014ல ஹிமாச்சலப் பிரதேசத்துல மலைக்கு நடுவுல இருக்கிற மாவட்ட ஆஸ்பத்திரிகள்ல நியூராலஜிஸ்ட் கிடையாது. அங்க இருந்த பொது மருத்துவர்களுக்குப் பயிற்சி குடுத்து, சிடி படத்தை ஸ்மார்ட்போன்ல அனுப்பி, மெடிக்கல் காலேஜ் நியூராலஜிஸ்ட்கிட்ட கேட்டு ஊசி போட வச்சாங்க. எல்லார் பாக்கெட்லயும் இருக்கிற போன்தான். யார் யாரைக் கூப்பிடணும், என்ன கேட்கணும்னு முன்னாடியே முடிவு பண்ணியிருந்தாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். அன்னைக்கு என் தாத்தாவுக்கும் நியூராலஜிஸ்ட் போன்ல இருந்தார். அவருக்குப் போன தகவல்தான் தப்பு.

லீவு முடிஞ்சு வந்து கைடு மேம்கிட்ட டைட்டிலை மாத்தணும்னு கேட்டேன். ரெண்டாவது ரிவ்யூ முடிஞ்சாச்சு, இப்போ மாத்தினா எப்படின்னாங்க. முழுசாக் கேட்டுட்டு, "சரி, ஆனா இதுல எம்.எல். எங்க இருக்கு?"ன்னாங்க. இல்ல மேம்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் கையெழுத்து போட்டாங்க. டீம்ல ஒருத்தன் இன்னும் என்மேல கடுப்புலதான் இருக்கான், ரெஸ்யூமேல ஏஐ போயிடுச்சேன்னு. அவன் கவலையும் நியாயம்தான், ப்ளேஸ்மெண்ட் சீசன்.

இப்போ ஒரே ஒரு ஸ்க்ரீன் பண்ணியிருக்கோம். கேஷுவாலிட்டில டேப்ல திறக்கிறது. முதல் கேள்வி "எப்போ ஆரம்பிச்சது?" இல்ல. "இவரை நல்லபடியா கடைசியா பார்த்தது யாரு? அவங்க நம்பர் என்ன?" நம்பரைத் தட்டினா கால் போகும். அடுத்து நேரம். அதைப் போட்டதும் நாலரை மணி நேரத்துல மீதி எவ்வளவுன்னு கவுண்ட்டவுன் ஓடும்.

போன வாரம் ஊருக்குப் போனப்போ அம்மாச்சிகிட்ட குடுத்துப் பார்த்தேன். தாத்தா பக்கத்துல சேர்ல உட்கார்ந்து இடது கையால டம்ளரைப் பிடிச்சு காபி குடிச்சுட்டு இருந்தார். இப்போ நல்லா விழுங்குறார். "கடைசியா எப்போ நல்லாப் பார்த்தீங்க அம்மாச்சி?"ன்னு கேட்டேன். "பால்காரரு வந்துட்டுப் போனதும்"னாங்க. எங்க ஸ்க்ரீன்ல அந்த இடத்துல மணியும் நிமிஷமும் மட்டும்தான் போட முடியும். "மணி எத்தனைம்மா?"ன்னேன். "மணி யாருய்யா பார்த்தா?"ன்னாங்க.

அந்த ஃபீல்டை மாத்திட்டு இருக்கேன். பால்காரர், பள்ளிவாசல் பாங்கு, கோயில் மணி, முதல் பஸ், ஸ்கூல் வேன், ராத்திரி சீரியல், இப்படி ஒரு லிஸ்ட் சேர்த்துட்டு இருக்கோம். உங்க ஊர்ல வீட்டுப் பெரியவங்க எதை வச்சு நேரம் சொல்றாங்கன்னு எங்களுக்கு எழுதி அனுப்புங்க.